உறையூர்ப் பக்கமே போகுது

— விழுந்திருச்சு! மறுபடியும் உறையூர்ப் பக்கந்தான்!

— கத்தாதே செல்லக்கிளி. எனக்கும் கண்ணு இருக்கு.

— கத்தலை அக்னஸு, அவ்வளவு தூரத்துலேர்ந்து சொன்னா அப்படித்தான் கேக்கும். இந்தா கிளைடர், பிடி. காகித ரெக்கைக்கு ஒண்ணும் ஆகலை. மூக்குல மெழுகு மட்டும் கொஞ்சம் நசுங்கியிருக்கு, பாவம்.

— ரெண்டு பேரும் கொஞ்சம் இருங்கோடி, எழுதிக்கறேன். பதினோராவது தரம். எறிஞ்சது அக்னஸ், இடது கை. மலைக்கோட்டை உச்சிக்கு நேரா எறிஞ்சது. விழுந்தது வலது பக்கம்... செல்லக்கிளி, எத்தனை தப்படி?

— பதினாறு. சலவைக்காரர் மணல்ல வேட்டி விரிச்சிருக்காரே, அதுல மூணாவது வேட்டிக்குப் பக்கத்துல.

— பதினாறு. முந்தினது பதினஞ்சு. அதுக்கு முந்தினது பதினேழு. பதினோரு தரமும் வலது பக்கந்தான்.

— பொறந்த வீட்டுப் பாசம் வேதா. எங்க தெருவுல வெச்சுத்தானே கட்டுனேன். எங்க எறிஞ்சாலும் உறையூருக்குத்தான் போவேங்குது.

— சிரி, நல்லாச் சிரி. உனக்கென்ன, உன் பேரு போட்டிச் சீட்டுல மையில இருக்கு. ‘செய்தவர்: செல்லக்கிளி.’ வேதா பேரும் மையில இருக்கு. ‘கணக்கு: வேதவல்லி.’ ‘எறிபவர்’ங்கிற எடத்துல மட்டும் காலேஜுல மிஸ் பென்சில்ல எழுதி வெச்சிருக்காங்க, பேட்ரிசியான்னு. இன்னிக்குப் பத்து மணிக்கு மேல அதுவும் மை ஆயிடும். அப்பறம் நான் சனிக்கிழமை ஓரமா நின்னு கை தட்டலாம்.

— இப்போ மணி ஏழுதான்டி ஆறது. சீட்டு என் நோட்டுக்குள்ளதான் இருக்கு. பென்சில்னா ரப்பரால அழிச்சுடலாமே.

— என்ன சொல்லி அழிப்பே? மிஸ் என்ன சொன்னாங்க? ‘இடதுகைக்காரி எறிஞ்சா எப்படிம்மா நேராப் போகும்? பேட்ரிசியா பாஸ்கெட்பால் ஆடுற பொண்ணு, அவ எறியட்டும்.’ மூணு மாசமா விடிகாலையில பொன்மலையிலேர்ந்து சைக்கிள் மிதிச்சு இந்த மணலுக்கு வந்து எறிஞ்சவ நான். மூக்குல எவ்வளவு மெழுகு ஒட்டினா தலை குப்புறாதுன்னு பாத்தவ நான். அந்த மெழுகே எங்க கோயில்ல எரிஞ்சு மிச்சமான மெழுகுவத்தி. பேட்ரிசியா இதை ஒரு தரம் தொட்டுக்கூடப் பாத்ததில்லை.

— கோபத்துல எறியாதே அக்னஸு. போன தரம் எறிஞ்சது கோபத்துல. இல்லேன்னா சரியாப் போயிருக்கும்.

— பதினோரு தரமும் நான் கோபமாவா இருந்தேன்?

— ஆமா. உனக்கு எப்பத்தான் கோபம் இல்லை?

— அதுவும் சரிதான் செல்லக்கிளி, ஆனா அதை எழுதிக்க முடியாதே. சரி, ஒண்ணொண்ணாப் பாப்போம். காத்து?

— காத்து எங்க இருக்கு? வேட்டி நுனிகூட ஆடலை. இந்த நேரத்துலதான் காவேரி மணல்ல காத்தே இருக்காதுன்னு நீதானே எங்களை ஆறு மணிக்கு வரச் சொன்னே.

— ஆமா. அப்போ காத்து இல்லை. வால்?

— வாலை நேத்து ராத்திரி அளந்தேன். நூல் வெச்சு அளந்தேன். ரெண்டு பக்கமும் ஒரே அளவு. நேரா நிக்குது.

— சரி. அப்போ மிச்சம் இருக்கறது ரெக்கை, இல்லேன்னா கை.

— கைதான்னு சொல்லிடேன் வேதா. நேராச் சொல்லு. எங்கப்பாவும் அதைத்தான் சொல்வாரு. அவரு சனிக்கிழமை அரைநாள் லீவு போட்டிருக்காரு, தெரியுமா? பொன்மலை ஒர்க்‌ஷாப்புல இருபது வருஷத்துல அவர் எனக்காகப் போடற மொத லீவு.

— போட்டிக்கா வரார்?

— ‘எங்க அக்னஸு ஏரோப்ளேன் விடப் போறா’ன்னு ஷாப்புல எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருக்காரு. எந்தக் கையால விடப் போறேன்னு மட்டும் நான் அவர்கிட்டச் சொல்லலை. ஏழு வயசு வரைக்கும் சாப்பாட்டுக்கு உக்காந்தா என் இடது கையைத் துண்டால கட்டில் காலோட கட்டிப்போடுவாரு. ‘அது சோத்துக் கை இல்லை.’ ஸ்கூல்ல முட்டியிலேயே அடி. இப்போ எழுதறது வலது கை, சாப்பிடறது வலது கை, சிலுவை போடறது வலது கை. ஒரு கல்லை எடுத்து வீசினா மட்டும் இது முந்திக்கும். யாரையும் கேக்காது. சனிக்கிழமை அவர் வந்து நிக்கறப்போ பேட்ரிசியா எறிஞ்சா, ‘எங்கம்மா நீ?’ன்னு கேப்பாரு. என்ன சொல்றது? ‘உங்க துண்டு சரிதான்ப்பா’ன்னா?

— நேக்கு ஒண்ணு தோணறது. கிளைடரைப் பிடி. எறியாதே, எறியற மாதிரி கையைத் தூக்கி நில்லு. அப்படியே... ஆங். செல்லக்கிளி, பின்னாடி வந்து பாரு. எந்த ரெக்கை தாழ்ந்திருக்கு?

— இடது ரெக்கை. கொஞ்சூண்டு.

— அவ கை தலைக்கு மேல போறச்சே இடது பக்கமாச் சாயறது. அதோட கிளைடரும் சாயறது. சாஞ்ச பக்கந்தானே திரும்பணும்?

— ஆமா.

— இடது பக்கம் என்ன இருக்கு?

— பாலம் இருக்கு. பஸ் போற பாலம்.

— அப்போ அக்னஸ் கை தப்புன்னா, இது பாலத்துப் பக்கம் போகணும். உறையூர்ப் பக்கம் ஏன்டி போறது?

— ஏய்... ஆமால்ல?

— ஆமாதான். மிஸ் ‘இடது கை’ன்னாளே தவிர, எந்தப் பக்கம் போறதுன்னு பாக்கவே இல்லை.

— வேதா, உன்னைக் கட்டிப் பிடிக்கணும் போல இருக்கு.

— வேண்டாம், உன் கையில மெழுகு. இது வெறும் ஊகந்தான். வலது கையால யாராவது எறிஞ்சு பாத்தாத்தான் நிச்சயமாச் சொல்லலாம். செல்லக்கிளி, நீ எறி.

— அய்யோ, நான் மாட்டேன். கட்டினவ கையால எறிஞ்சு ஒடைக்கறதா? ரெண்டடியில குத்திரும். நீ எறியேன்.

— நானா? எங்கிட்ட நோட் இருக்கே...

— நோட்டைக் கீழ வை.

— அதுக்கில்லை அக்னஸ்...

— எதுக்கில்லை? மூணு மாசமாப் பாக்கறேன். கணக்கு சொல்லுவே, தூரத்துல நின்னு எழுதுவே. ஒரு நாள்கூட இதைத் தொட்டதில்லை நீ. நேராச் சொல்றேன் வேதா, நீ தொட்டிருந்தா வலது கையால எறிஞ்சா எங்க போகும்னு மொத வாரத்துலயே தெரிஞ்சிருக்கும். இந்தப் பதினோரு தரம், அதுக்கு முந்தி நூறு தரம், எல்லாம் நான் ஒருத்தியே எறிஞ்சிருக்கேன்.

— ரெக்கையில கஞ்சி போட்டிருக்காளோல்லியோ, அதான்.

— கஞ்சி போட்டா?

— வெந்த அரிசியாச்சே. எங்காத்துல ‘பத்து’ம்பா, அதைத் தொட்டா கையை அலம்பாம வேற எதையும் தொடப்படாது. நான் நோட்டைத் தொடணும், பேனாவைத் தொடணும். இந்த நோட் ஆத்துல பெருமாள் அலமாரிக்குக் கீழ இருக்கும். அத்தை பாத்தா...

— அரிசிக் கஞ்சி வேதா! நீ தெனம் சாப்பிடற அரிசி! கீழ ஆறு ஓடுது, கையைக் கழுவினா தீந்துது!

— அக்னஸு, விடு.

— என்ன விடு?

— விடுங்கிறேன். நான் வேற மாதிரி நெனச்சுட்டு இருந்தேன்.

— என்ன நெனச்சே செல்லக்கிளி?

— எங்க வீட்டுக் கஞ்சிங்கிறதாலதான் நீ தொடலைன்னு.

— ஐயோ! இல்லைடி! எங்காத்துக் கஞ்சியா இருந்தாலும் பத்துதான். எங்கம்மா வடிச்ச கஞ்சியா இருந்தாலும் நான் கை அலம்பித்தான் ஆகணும். நீ... மூணு மாசமாவா இப்படி நெனச்சே?

— மூணு மாசமாத்தான்.

— ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமோன்னோ?

— எப்படிக் கேக்கறது?

— இப்போ ரெண்டு பேரும் அழப் போறீங்களா? எனக்குப் பத்து மணிக்குச் சீட்டு.

— அழலை. நோட்டை இந்தத் துண்டு மேல வெச்சுட்டேன். குடு அந்தக் கிளைடரை.

— நெசமாவா?

— குடுங்கறேனே. எங்க பிடிக்கணும்? இங்கயா?

— ரெக்கைக்குக் கீழ, குச்சியில. கட்டை விரல் இந்தப் பக்கம். கல்லு எறியற மாதிரி எறியாதே, தள்ளி விடு. தலைப்பை இடுப்புல சொருகு, மாட்டிக்கும். மலைக்கோட்டை தெரியுதா?

— தெரியறது.

— அந்த உச்சியைப் பாத்து... ம், விடு!

— போறது! நன்னாப் போறது! பெருமாளே, நான் விட்டது போ... ஏய், ஏய், எங்க போறது அது?

— வட்டம் போடுதுடி! உறையூரும் இல்லை, திரும்பி நம்மகிட்டயே வருது! குனிங்க!

— மாதாவே! தலையைக் கொத்தியிருக்கும். எங்க விழுந்துது?

— எனக்குப் பின்னாடி. முழு வட்டம். ரெக்கை தப்பிச்சுது.

— பாத்தியா செல்லக்கிளி! பாத்தியா! வலது கையில விட்டா இன்னும் மோசம்! நீயும் எறி. வேதா எறிஞ்சு ஒடையலை, நீ எறிஞ்சா ஒடைஞ்சிடுமா?

— சரி, ஒரே தரம். கண்ணை மூடிக்கிறேன்.

— கண்ணைத் தெற! எதைப் பாத்து எறிவே?

— சரி சரி... போ கண்ணு.

— அதே வட்டம்! அதே வட்டம்! உறையூர்ப் பக்கம் திரும்பி, அப்படியே பின்னாடி.

— நோட்டை எடுங்கோ யாராவது. நான் அலம்பிண்டு வரேன், அதுக்குள்ள... இல்லை, வேண்டாம், அக்னஸ் நீ எழுது, நான் சொல்றேன். இடது கை: வலப்பக்கம் பதினாறு தப்படி. வலது கை, ரெண்டு பேர்: வலப்பக்கம் முழு வட்டம். எழுதிட்டியா? அதுக்குக் கீழ கோடு போடு.

— போட்டாச்சு. அப்போ என் கை அதைக் கெடுக்கலை. பாதிக்குப் பாதி சரி பண்ணிக்கிட்டு இருந்திருக்கு.

— ஆமா. உன் கை இடது பக்கம் இழுத்தது, வேற ஏதோ ஒண்ணு வலது பக்கம் இழுத்துண்டே இருந்தது. அந்த வேற ஒண்ணு ரெக்கையாத்தான் இருக்கணும்.

— என் ரெக்கைய சொல்லாதீங்க. சிம்பு ஒரே மூங்கில், ஒரே கணுவுக்கு நடுவுல பொளந்தது. நிறுத்துப் பாத்தேன், கடையில ரெண்டையும் தராசுல வெச்சு.

— உன்னைச் சொல்லலைடி. ரெக்கையைத்தான் சொல்றேன். இது குச்சியில எப்படிக் கட்டியிருக்கு?

— சைக்கிள் ட்யூப்ல அறுத்த வளையம். இழுத்தா கழண்டுரும்.

— முன் ஓரமும் பின் ஓரமும் ஒரே மாதிரிதானே? அப்போ ரெக்கையை மட்டும் கழட்டி, இந்த முனை அந்தப் பக்கம் வர மாதிரி திருப்பிக் கட்டு. தப்பு ரெக்கையில இருந்தா, தப்பும் கூடவே திரும்பணும்.

— ஓ! இரு, எந்த முனைன்னு அடையாளம் வேணும். அக்னஸு, பேனாவைக் காட்டு. இப்போ வலது பக்கம் இருக்கிற முனைக்கு ஒரு மைப்பொட்டு வெச்சாச்சு. இப்போ திருப்பினா... பொட்டு இடது பக்கம். எறி அக்னஸு.

— மலைக்கோட்டை உச்சி. ம்... ஆத்தாடி!

— பாலத்துப் பக்கம்! முழு வட்டம்! இடது பக்கமா முழு வட்டம்!

— நான் எறியறேன், நான் எறியறேன், குடு! நேக்குக் கை பரபரங்கறது. இதோ... போ, போ, போ! பாலத்துப் பக்கந்தான், ஆனா வட்டம் இல்லை. செல்லக்கிளி, ஓடி அளந்துண்டு வா!

— பதினாலு... பதினஞ்சு... பதினாறு! வேதா, பதினாறு தப்படி!

— கண்ணாடி!

— என்ன கண்ணாடி?

— கண்ணாடியில பாக்கற மாதிரி, அக்னஸ்! பொட்டு வலது பக்கம் இருந்து நீ எறிஞ்சா வலப்பக்கம் பதினாறு. பொட்டு இடது பக்கம் இருந்து நான் எறிஞ்சா இடப்பக்கம் பதினாறு. உன் கை எவ்வளவு சாயறதோ என் கையும் அவ்வளவு சாயறது. நோக்கு இடது பக்கம், நேக்கு வலது பக்கம். அவ்வளவுதான் வித்தியாசம்!

— திரும்பச் சொல்லு.

— என் கையும் கோணல்தான்.

— இன்னொரு தரம் சொல்லு. காதுல தேன் வார்க்குது.

— போடி. செல்லக்கிளி, நீ என்ன பண்ணிண்டு இருக்கே அங்க?

— ரெக்கையைக் கழட்டி நூல்ல கட்டித் தொங்க விட்டிருக்கேன். நடு எலும்புல முடிச்சு. பாருங்க ரெண்டு பேரும். மூச்சு விடாமப் பாருங்க.

— தாழறது. பொட்டு வெச்ச முனை தாழறது.

— சிம்பு ஒரே எடை. அப்போ காகிதம். காகிதம் பட்டத்துக் காகிதம், ஒரே தாள்... நகத்தால தடவிப் பாக்கறேன் இரு. இந்த முனை வழவழன்னு இருக்கு. நடுவுல வழவழ. பொட்டுக்கிட்ட வந்தா... சொரசொர. அடப் பாவமே.

— என்ன?

— கஞ்சி. இங்க ஏடு கட்டியிருக்கு.

— ஒரு பக்கம் மட்டும் எப்படி ஏடு கட்டும்?

— நாந்தான். அய்யோ, நானேதான் அக்னஸு. எங்க தெருவுல தறிக்குப் பாவு நூலை நீட்டிக் கட்டிக் கஞ்சி போடறப்போ, நூல் மேல பிரஷ் ஒரே பக்கமாத்தான் போகணும். இந்தக் கோடியிலேர்ந்து அந்தக் கோடி. போன வழியே திருப்பி இழுத்தா இழை சிலிர்த்துக்கும், தறியில அறுந்துரும். அஞ்சு வயசுல கத்துக்கிட்டது. திருப்பி இழுத்தா எங்கப்பா முதுகுல வெப்பாரு. ரெக்கைக்குக் கஞ்சி போடறப்பவும் அதே கை, அதே வீச்சு. இடது முனையிலேர்ந்து வலது முனை. நாலு பூச்சு. நாலு தரமும் மிச்சக் கஞ்சியெல்லாம் போய் இந்த முனையிலதான் நின்னிருக்கு.

— காகிதத்துல ஏதுடி இழை?

— இல்லைன்னு எனக்குத் தெரியுது. கைக்குத் தெரியலையே!

— உன் கை உங்கப்பா பேச்சைக் கேட்டிருக்கு. என் கை எங்கப்பா பேச்சைக் கேக்கலை. நடுவுல இது மாட்டிக்கிச்சு.

— என்னைத் திட்டு அக்னஸு. மூணு மாசமா உன் கை மேல பழி.

— திட்டலாம்னுதான் வாயைத் தொறந்தேன், சிரிப்பு வருது. ருஷ்யாக்காரன் பூமியைச் சுத்திட்டு வந்துட்டான், நம்ம கிளைடர் நாலு பூச்சுக் கஞ்சியால உறையூரைத் தாண்ட மாட்டேங்குது. துடைச்சா போகுமா அது?

— ஈரத் துணி வெச்சா கொஞ்சம் கொஞ்சமா வரும். ரொம்ப ஈரம் பட்டா காகிதம் தாங்காது. ஒரு துடைப்பு, வெயில்ல ஒரு காய்ச்சல், ஒரு எறி. அப்படித்தான் பண்ணணும்.

— எவ்வளவு துடைக்கணும்?

— முழுக்கத் துடைச்சுடப்படாது! முழுக்கத் துடைச்சா ரெக்கை சமமாயிடும், அப்போ அக்னஸ் கை மட்டும் மிஞ்சும், பாலத்துப் பக்கம் இழுக்கும். பொட்டை வலது பக்கமே வெச்சுக் கட்டு. அவ கை எவ்வளவு இடது பக்கம் இழுக்கறதோ, அதுக்குச் சரியா அவ்வளவு கஞ்சி வலது பக்கம் இருக்கணும்.

— எவ்வளவுன்னு கணக்குப் போட முடியுமா?

— முடியாது. எறிஞ்சு பாத்துத்தான்.

— வேதா வாயிலேர்ந்து ‘கணக்குப் போட முடியாது’! இதை நோட்டுல எழுதறேன்.

— எழுதிக்கோ. துடைடி செல்லக்கிளி.

— துடைச்சாச்சு. வெயில்ல பிடிங்க. தொடாதீங்க... சரி, காஞ்சிருச்சு. எறி.

— பத்து தப்படி இருக்குமா?

— ஒம்போது. உறையூர்ப் பக்கம். இன்னும் துடைக்கிறேன். ...ம், எறி.

— அஞ்சு! அஞ்சு தப்படி! போட்டியில கயிறு கட்டியிருக்கற அகலம் இருபதடி. நடுவுலேர்ந்து நாலு தப்படிக்குள்ள விழுந்தாத்தான் தூரத்தை அளப்பா. இன்னும் கொஞ்சம்.

— கை வலிக்குதா அக்னஸு?

— வலிக்கலை. துடை.

— இதான் கடைசி. இதுக்கு மேல ஈரம் பட்டா கிழிஞ்சுரும். ...வேண்டிக்கிட்டு எறி.

— வேண்டிக்கல்லாம் இல்லை. மலைக்கோட்டை உச்சி. ம்...

— போறது. நேராப் போறது. அக்னஸ்... பாரு, மூக்கைத் தூக்கிண்டு... ஓடைத் தண்ணியைத் தாண்டிடுத்து!

— அந்தப் பக்கத்து மணல்ல விழுந்திருக்கு! நான் போய் எடுத்தாறேன், முட்டியளவு தண்ணிதான்! அக்னஸு, நேர்கோடு! வகிடு எடுத்த மாதிரி!

— வேதா.

— ம்?

— ஒண்ணுமில்லை. கண்ணுல மணல்.

— நேக்குந்தான்.

— இந்தாங்க கொண்டாந்துட்டேன். பாவாடை நனைஞ்சிருச்சு. அறுபத்தஞ்சு தப்படி! பையன்கள் காலேஜுல மெட்ராஸ்லேர்ந்து ஏதோ லேசான மரம் வரவழைச்சுச் செய்யறாங்களாம், அவங்க ஐம்பதுதான் போனாங்கன்னு சொன்னே.

— இரு, ஒரு விஷயம் பாக்கணும். நான் ஒரு தரம் எறியறேன்.

— எதுக்கு?

— தெரிஞ்சுக்கத்தான். இதோ. ...பாத்தேளா, எனக்கு உறையூர்ப் பக்கம் போயிடுத்து. இப்போ ரெக்கையைத் திருப்பிக் கட்டு, பொட்டு இடது பக்கம். ...இப்போ பாரு.

— நேராப் போகுது.

— நேராப் போறது. நான் நெனச்ச மாதிரியே.

— அப்போ பேட்ரிசியா எறிஞ்சாலும்...

— வளையத்தைக் கழட்டித் திருப்பிக் கட்டினா, பேட்ரிசியா எறிஞ்சாலும் நேராப் போகும். பொய் சொல்ல எனக்கு வராது அக்னஸ். மிஸ்கிட்டப் போய் ‘ரெக்கையிலதான் தப்பு, சரி பண்ணிட்டோம்’னா, ‘ரொம்ப சந்தோஷம், பேட்ரிசியாவுக்குத் தோதாக் கட்டுங்கோ’ன்னுதான் சொல்லுவா. அவளுக்கு நோக்கும் பேட்ரிசியாவுக்கும் நடுவுல வித்தியாசம் கைதான்.

— நீ என்ன சொல்லுவே அப்போ?

— நேக்கு மெட்ராஸ்ல எம்.எஸ்ஸி. சேர மிஸ் லெட்டர் குடுக்கணும்.

— அது எனக்குத் தெரியும். நீ என்ன சொல்லுவேன்னு கேட்டேன்.

— கிளைடர் நேராப் போனாப் போறாதா, யார் எறிஞ்சா என்னன்னு...

— சொல்லு. முழுக்கச் சொல்லிடு.

— நெனச்சேன். ஒரு நிமிஷம் நெனச்சேன். பொய் வராதுன்னு சொன்னேனே.

— நேராச் சொல்றேன் வேதா. உன் கையும் கோணல், பேட்ரிசியா கையும் கோணல், மிஸ் கையும் கோணல். எல்லாரும் ஒரே பக்கம் கோணலா இருக்கறதால அதுக்கு நேருன்னு பேரு வெச்சுட்டீங்க. என் கையைத் துண்டால கட்டினாங்க. சரி, நான் மாறிட்டேன். எழுத மாறினேன், திங்க மாறினேன். சாமி கும்பிடக்கூட மாறிட்டேன். இப்போ முதல் தரமா ஒரு பொருள் என் கைக்குத் தோதா மாறியிருக்கு. அதையும் திருப்பிக் கட்டுன்னா...

— அக்னஸ், நான் திருப்பிக் கட்டுன்னு சொல்லலை.

— வேண்டாம்னும் சொல்லலையே!

— ஏய், ரெண்டு பேரும் இங்க வாங்க. சண்டையை அப்பறம் வெச்சுக்கங்க. வேதா, விரலை நீட்டு.

— எதுக்கு? நீ என்னடி பண்ணிண்டு இருக்கே?

— ட்யூப் வளையத்தை அறுத்துப் போட்டுட்டேன்.

— அறுத்துட்டியா!

— ஆமா. பொட்டு வலது பக்கம் வெச்சு, நூல் சுத்திக்கிட்டு இருக்கேன். பாட்டில்ல கஞ்சி கொண்டாந்திருக்கேன், கிழிஞ்சா ஒட்டறதுக்கு. கட்டு மேல பூசிட்டா கல்லு மாதிரி ஆயிரும். அப்பறம் கழட்டணும்னா ரெக்கையைக் கிழிச்சாத்தான் உண்டு. பாஸ்கெட்பால் ஆடறவளுக்கும் திருப்ப முடியாது, மிஸ்ஸுக்கும் திருப்ப முடியாது. முடிச்சு போடறப்போ இந்த எடத்தை ஒருத்தர் அழுத்திப் பிடிக்கணும். அக்னஸைப் பிடிக்கச் சொல்ல மாட்டேன். நீ பிடி.

— கஞ்சி ஈரமா இருக்கே.

— இருக்கு.

— அவளை விடு செல்லக்கிளி, நானே பிடிச்சுக்கறேன்.

— நகரு அக்னஸ். அவ என்னைக் கேட்டா. இங்கயா செல்லக்கிளி?

— இன்னும் கீழ. நல்லா அழுத்து. விரல் மேல கஞ்சி வழியும், பரவால்லையா?

— வழியட்டும். முடிச்சுப் போடு.

— போட்டாச்சு. எடுத்துக்கலாம்.

— கைதான் பிசுபிசுங்கறது. அதோ ரயில் பாலத்துல பாசஞ்சர் போறது. மணி ஒம்போதரை ஆயிடுத்து! சைக்கிள்ல போனாத்தான் பத்துக்குள்ள போய்ச் சேரலாம். நோட்டைக் குடு.

— கையைக் கழுவிட்டு வா, நான் பிடிச்சுட்டு நிக்கறேன்.

— நேரமில்லை. சீட்டை எடு. ரப்பர் என் பையில இருக்கு. ...பேட்ரிசியா போயாச்சு. நல்ல பொண்ணு, அவ மேல நேக்கு ஒண்ணும் இல்லை.

— வேதா, மிஸ் லெட்டர்?

— குடுத்தா குடுக்கட்டும். குடுக்கலேன்னா, ஏன் குடுக்கலைன்னு கேக்க உன்னைக் கூட்டிண்டு போறேன். நீதான் எப்பவும் கோபமா இருக்கியே.

— ஏய், சீட்டுல கஞ்சி ஒட்டுது பாரு.

— ஒட்டட்டும். உங்கப்பாகிட்ட என்ன சொல்லப் போறே?

— இன்னிக்கு ராத்திரி சாப்பிட உக்காரப்போ சொல்லிடறேன். எந்தக் கையால எறியப் போறேன்னு. அரைநாள் லீவை வேணும்னா வாபஸ் வாங்கிக்கட்டும்.

— வாங்க மாட்டாரு. ஷாப்பு பூராச் சொல்லிட்டாரே. வேதா, என்ன இவ்வளவு நேரம் எழுதறே? பேரு நாலே எழுத்துதானே?

— பேர் எழுதியாச்சு. கீழ ‘குறிப்பு’ன்னு ஒரு எடம் இருக்கு, யாரும் எழுதறதில்லை. அதுலதான் எழுதறேன்.

— என்னன்னு? படி.

— ‘இது இடதுகைக் கிளைடர். வலது கையால் எறிபவர்களுக்கு இது கோணலாகப் போகும். கிளைடரின் மீது குற்றமில்லை.’